கட்டண அட்டவணை, இனம் பதினான்கு

ஒரு படகின் பெயரை மாற்ற
அரசுக்கு எவ்வளவு செலவாகிறது என்று
கணக்கிட்டவள் நான்தான்.
காட்டினோவில், ஆறாம் மாடியில்,
ஒரு பிப்ரவரி முழுக்க
ரேஜான் லாகூர்ஸின் மேசைக்குப் பின்னால்
கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

உறையைக் கிழிக்க ஒரு நிமிடம்.
கையெழுத்தை ஒப்பிட நான்கு.
அதே பெயரில் வேறு படகு மிதக்கிறதா என்று
பதிவேட்டில் தேட இருபத்திரண்டு.
நடுவில் அவர் ஜன்னல் வழியே
உறைந்த ஆற்றைப் பார்த்த மூன்று நிமிடத்தை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேல்செலவில் சேர்த்தேன்.
ஆக மொத்தம் நூற்று எண்பத்தேழு டாலர் நாற்பது சென்ட்.
லாபம் இல்லை. சட்டப்படி இருக்கவும் கூடாது.

முப்பது நாளில் முடித்துத் தருவோம் என்ற
வாக்கும் அட்டவணையில் உண்டு.
தவறினால் கால் பங்கு திரும்பி வரும்.
கேட்க வேண்டாம், தானாக வரும்.
கேட்காமல் கொடுக்கும் அரசை
யார் நம்புவார்கள்?
பாதிப் பேர் அந்தக் காசோலையை
ஏதோ விளம்பரமென்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

பர்ஜியோவிலிருந்து ஈலாய் கீப்பிங் விண்ணப்பித்தார்.
பழைய பெயர்: லெனோரா.
புதிய பெயர்: கிழக்கு முனை.
காரணம் (விரும்பினால் மட்டும்):
அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு கோடு,
பேனா தாளைத் துளைத்திருந்தது.

ரேஜானுக்கு அந்த மாதம் முதுகுவலி.
நாற்பத்தோராம் நாள்தான் சான்றிதழ் போனது.
பதினொரு நாள் தாமதம்.
நாற்பத்தாறு டாலர் எண்பத்தைந்து சென்ட்
ஜூனில் அவர் பெயருக்குப் புறப்பட்டது.

போன வேகத்தில் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதம்.

"தாமதத்துக்கு நீங்கள் எனக்குத் தர வேண்டியதில்லை,
நான்தான் உங்களுக்குத் தர வேண்டும்.
அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள்
ஃபோர்ட் மெக்மர்ரேயிலிருந்து அவள் கூப்பிட்டாள்,
உறைபெட்டியில் கிடந்த காட் மீனை
என்ன செய்தாய் என்று கேட்க.
இரண்டு மணி நேரம் பேசினோம். மீனைப் பற்றித்தான்.
அப்புறம் உங்கள் சான்றிதழ் வந்தது.
பழைய எழுத்தின் மேல் பெயின்ட் அடிக்க
எனக்குக் கை வரவில்லை.
பெயரைத் திருப்பிப் போடுங்கள்.
என் நாற்பத்தாறு எண்பத்தைந்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.
மீதி இத்துடன்."

மீதி சரியில்லை.
ஏப்ரல் ஒன்றாம் தேதி, விலைவாசிக் குறியீட்டின் பின்னால்,
எல்லாக் கட்டணமும் இரண்டு புள்ளி ஏழு சதவீதம் ஏறியிருந்தது,
மனம் மாறுவதற்கான கட்டணம் உட்பட.
ஐந்து டாலர் ஆறு சென்ட் குறைந்தது.
மேலும், திருப்பிக் கொடுத்த தொகையை
இன்னொரு கட்டணத்தில் கழிக்க விதியில் இடமில்லை.
விதியை எடுத்துப் படித்தேன்.
எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
இரண்டு காசோலைகளையும் அவருக்கே அனுப்பினோம்,
வருந்துகிறோம் என்று, படிவம் எட்டில்.

ஆகஸ்டில் முழுத் தொகை வந்தது,
ஒரு சென்ட் பிசகாமல்.
காரணக் கட்டத்தில் இம்முறை
"மீன்" என்று எழுதியிருந்தார்.

ரேஜான் அன்றைக்கே முடித்துவிட்டார்.
லெனோரா என்று வேறு படகு ஏதும் இல்லை எனக் கண்டறிய
அவருக்கு இருபத்திரண்டு நிமிடம் தேவைப்படவில்லை.
நான் கடிகாரத்தை இழுப்பறையிலிருந்து எடுக்கவில்லை.
எடுத்திருந்தால்
கட்டணத்தைக் குறைக்க வேண்டி வந்திருக்கும்.

ஆண்டறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போனது.
பக்கம் அறுபத்தி மூன்று, இனம் பதினான்கு, தென்கரை:
சென்ற ஆண்டு ஒன்று.
இந்த ஆண்டு ஒன்று.
மாற்றம்: இல்லை.

அடியில், எறும்பளவு எழுத்தில், என் குறிப்பு:
திருப்பியளித்த தொகைகளில் ஒன்று, 46.85,
இன்னும் பணமாக்கப்படவில்லை.

தணிக்கையாளர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.
தபாலில் தொலைந்திருக்கும் என்றேன்.